திடமான படிகத்துக்குள் திரவத் துளி! மொபைல் சிப் தயாரிப்பாளர்களைத் தொல்லை செய்யும் ஆர்சனிக் புதிர்

ஒரு பொருள் 1,238 டிகிரி செல்சியஸில்தான் உருகும். அதைச் சுமார் 850 டிகிரி வரை மட்டும் சூடாக்குகிறார்கள். உருகுவதற்கு இன்னும் கிட்டத்தட்ட 400 டிகிரி பாக்கி இருக்கிறது. வெளியே பார்த்தால் கெட்டியாக, அசையாமல் அப்படியே இருக்கிறது. ஆனால் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத அளவில், திரவத் துளிகள் முளைக்கின்றன.

யாரும் உள்ளே எதையும் ஊற்றவில்லை. ஓட்டை, விரிசல் எதுவும் இல்லை. அப்புறம் துளி எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்கும் உங்கள் கையில் இருக்கும் போனுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அந்தப் பொருளின் பெயர் கேலியம் ஆர்சனைடு. போனிலிருந்து டவருக்குச் சிக்னலை உந்தி அனுப்பும் சிறிய 'பவர் ஆம்ப்ளிஃபயர்' சிப்புகளில் பெரும்பாலானவை இந்தப் பொருளால் செய்யப்பட்டவைதான். அந்தச் சிப்புகளுக்கு அடித்தளமாக இருக்கும் வட்டத் தகடு, அதாவது வேஃபர், துளிகளால் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும். அதற்காக ஜெர்மனியில் கணித ஆய்வாளர்கள் சிலர் பல ஆண்டுகள் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

சிலிக்கான் இருக்க, கேலியம் ஆர்சனைடு எதற்கு?

போனின் மூளையான பிராசஸர் சிலிக்கானில்தான் ஓடுகிறது. ஆனால் ரேடியோ அலைகளைக் கையாளும் இடத்தில் வேகம் முக்கியம். கேலியம் ஆர்சனைடுக்குள் எலக்ட்ரான்கள், சிலிக்கானில் நகர்வதைவிடச் சுமார் 6 மடங்கு எளிதாக நகரும். நொடிக்குப் பல நூறு கோடி முறை அதிரும் சிக்னலைப் பெருக்க இந்தச் சுறுசுறுப்பு வேண்டும்.

இதில் இரண்டு தனிமங்கள் கூட்டாளிகள். ஒன்று கேலியம். 29.76 டிகிரியிலேயே உருகிவிடும் உலோகம் இது. சென்னை வெயிலில் மேஜை மீது வைத்தால் போதும், குழைந்துவிடும். இன்னொன்று ஆர்சனிக். சாதாரணக் காற்றழுத்தத்தில் சூடாக்கினால் இது உருகாது. 615 டிகிரி வாக்கில் நேரடியாக ஆவியாகிவிடும். இப்படி இரண்டு 'நிலையில்லாத' ஆட்கள் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கைகோத்தால், 1,238 டிகிரி வரை அசையாத ஒரு கெட்டியான படிகம் கிடைக்கிறது.

வேஃபருக்கு இன்னொரு வினோதமான நிபந்தனையும் உண்டு. அதன் மேல் உருவாக்கப்படும் சர்க்யூட்டில் மின்சாரம் ஓட வேண்டும். ஆனால் வேஃபருக்குள் ஓடவே கூடாது. ஓடினால், ரேடியோ சிக்னலின் ஒரு பகுதி கீழே கசிந்து வீணாகும். அதனால் கிட்டத்தட்ட மின்காப்புப் பொருள் போலவே நடந்துகொள்ளும் கேலியம் ஆர்சனைடை உருவாக்குகிறார்கள். துறையில் இதற்கு 'செமி இன்சுலேட்டிங்' என்று பெயர். இதன் மின்தடை எண் ஒரு கோடி ஓம்-சென்டிமீட்டரையும் தாண்டும். மிகச் சுத்தமான சிலிக்கானுக்கே அறை வெப்பத்தில் அது சில லட்சம்தான்.

தேவையும் அதுதான், தொல்லையும் அதுதான்

இந்த மின்காப்புத் தன்மை எப்படி வருகிறது? கொஞ்சம் கூடுதல் ஆர்சனிக்கால்.

படிகத்தை ஒரு சினிமா தியேட்டராக நினைத்துக்கொள்ளுங்கள். கேலியத்துக்கென்று சில சீட்டுகள், ஆர்சனிக்குக்கென்று சில சீட்டுகள். ஒவ்வொரு அணுவும் தன் டிக்கெட்டில் உள்ள சீட்டில் உட்கார வேண்டும். ஆனால் ஆர்சனிக் எண்ணிக்கை கொஞ்சம் அதிகமானால் என்ன ஆகும்? சில ஆர்சனிக் அணுக்கள் கேலியத்தின் சீட்டில் போய் உட்காரும். சில, சீட்டுகளுக்கு நடுவே உள்ள வழியில் நிற்கும். சில சீட்டுகள் காலியாகவும் கிடக்கும்.

கேலியத்தின் சீட்டில் உட்கார்ந்த அந்த ஆர்சனிக் அணுதான் இங்கே கதாநாயகன். ஆய்வாளர்கள் இந்தக் குறைபாட்டை 'இஎல்2' என்று அழைக்கிறார்கள். படிகத்துக்குள் எப்படியும் கொஞ்சம் கார்பன் கலந்திருக்கும். அதனால் மின்சாரம் ஓட வழி பிறக்கும். இஎல்2 குறைபாடுகள் தங்கள் எலக்ட்ரான்களைக் கொடுத்து அந்த வழியை அடைத்துவிடுகின்றன. மிச்ச எலக்ட்ரான்களைத் தங்களிடமே இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. விளைவு, மின்சாரம் ஓட ஆளில்லை.

இதற்குத் தேவையான அளவு மிகச் சிறியது. சுமார் 30 லட்சம் அணுக்களுக்கு ஒன்று இப்படி இடம் மாறி உட்கார்ந்தால் போதும்.

அதனால் படிகத்தை வளர்க்கும்போதே ஆர்சனிக் சற்றுத் தூக்கலாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். சிக்கல் ஆரம்பிப்பதும் இங்கேதான். எந்தக் கூடுதல் ஆர்சனிக் படிகத்துக்கு மதிப்பைத் தருகிறதோ, அதே கூடுதல் ஆர்சனிக்தான் பிரிந்து துளியாகத் திரள்கிறது. முழுவதுமாக எடுத்துவிட்டால் மின்காப்பு போய்விடும். அப்படியே விட்டால் துளி வந்துவிடும்.

சூடாக்காமலே விட்டால் என்ன?

நியாயமான கேள்வி. ஆனால் முடியாது.

உருகிய குழம்பிலிருந்து படிகம் வளர்ந்து குளிரும்போது, அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குளிராது. ஓரம் சீக்கிரம் குளிரும், நடுப்பகுதி தாமதமாகக் குளிரும். இதனால் கூடுதல் ஆர்சனிக் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் தங்கிவிடும். படிகத்தில் அணு வரிசை பிசகியிருக்கும் கோடுகளை ஒட்டி அது கூடிக்கொள்ளும். அப்படியே விட்டால், ஒரே வேஃபரில் ஒரு பக்கச் சிப் ஒரு மாதிரியும் இன்னொரு பக்கச் சிப் வேறு மாதிரியும் வேலை செய்யும்.

அதைச் சமன்படுத்தத்தான் 'அனீலிங்' செய்கிறார்கள். படிகத்தையோ வேஃபரையோ பல மணி நேரம் அதிக வெப்பத்தில் வைத்திருந்து, அணுக்கள் மெல்ல நகர்ந்து பரவ வாய்ப்புக் கொடுப்பதுதான் அது. சில முறைகளில் முதலில் 1,100 டிகிரி அளவுக்குக் கொண்டுபோய் ஏற்கெனவே திரண்டிருக்கும் ஆர்சனிக்கைக் கரைய வைக்கிறார்கள். பிறகு 950 டிகிரி வாக்கில் வைத்து இஎல்2 குறைபாடுகள் சீராக அமையச் செய்கிறார்கள்.

ஆனால் எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரம், எவ்வளவு வேகத்தில் குளிர்விப்பது? இதில் பிசகினால், சமன்படுத்தப் போன இடத்திலேயே புதிய துளிகள் பிறக்கும். குளிர்ந்ததும் அவை உறைந்து ஆர்சனிக் பொட்டுகளாக உள்ளேயே தங்கும். வேஃபரை அறுத்துக் கண்ணாடி போலப் பாலிஷ் செய்யும்போது, மேற்பரப்பில் மாட்டிய பொட்டுகள் பெயர்ந்து குழிகளை விட்டுப்போகும். அணு அடுக்கு அடுக்காகச் சர்க்யூட்டை வளர்க்க வேண்டிய தளத்தில் குழி இருந்தால், அந்த இடத்துச் சிப் குப்பைக்குத்தான்.

சரி, ஏன் திரவமாக வருகிறது?

முதலில், ஏன் பிரிகிறது என்று பார்ப்போம். சர்க்கரைப் பாகு காய்ச்சியவர்களுக்கு இது புரியும். சூடான தண்ணீரில் நிறையச் சர்க்கரை கரையும். ஆறினால் அவ்வளவு தாங்காது. பள்ளிப் பாடத்தில் படித்த 'அதிதெவிட்டிய கரைசல்' நிலைக்குப் போகும். கொஞ்ச நேரத்தில் சர்க்கரை பூத்துவிடும்.

கேலியம் ஆர்சனைடும் அப்படித்தான். உருகுநிலைக்குப் பக்கத்தில் இருக்கும்போது கூடுதல் ஆர்சனிக்கை ஓரளவு தாங்கும். வெப்பம் குறையக் குறைய அந்தத் தாங்கும் அளவும் குறைகிறது. இங்கே கரைப்பான் திடம் என்பதுதான் வித்தியாசம். மிச்ச ஆர்சனிக் எங்காவது ஒதுங்கியாக வேண்டும்.

ஒதுங்குவது ஏன் திரவமாக? சால்டரிங் செய்திருந்தால் இதற்கான விடை உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. ஈயம் 327 டிகிரியில் உருகும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். இரண்டையும் சரியான விகிதத்தில் கலந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். கலவை, தன் கூட்டாளிகள் இருவரையும்விடக் குறைந்த வெப்பத்தில் உருகுகிறது.

ஆர்சனிக் மிக அதிகமாகவும் கேலியம் மிகக் குறைவாகவும் உள்ள கலவை சுமார் 810 டிகிரியிலேயே உருகிவிடும். ஆக, அதற்கு மேல் வெப்பம் இருக்கும்போது ஆர்சனிக் ஒதுங்கும் இடத்தில் உருவாவது திடப் பொட்டு அல்ல, திரவத் துளி. சுற்றியுள்ள படிகமோ 1,238 டிகிரிக்குக் குறையாமல் உருகாது. கெட்டியான சுவருக்குள் திரவம் சிறைப்பட்டுவிடுகிறது.

பனிக்கட்டியில் பூத்த பூ

திடத்துக்குள் திரவம் என்பது கேட்க விசித்திரமாக இருந்தாலும், இயற்கை இதைக் கண்முன்னே காட்டியிருக்கிறது. 1858-ல் அயர்லாந்தில் பிறந்த இயற்பியலாளர் ஜான் டிண்டால் தெளிவான பனிக்கட்டி வழியாக ஒளிக்கற்றையைச் செலுத்திப் பார்த்த ஆய்வை வெளியிட்டார். பனிக்கட்டியின் உட்புறம் ஆங்காங்கே உருகி, ஆறு இதழ் கொண்ட குட்டிக் குட்டிப் பூக்கள் போலத் தண்ணீர் தேங்கியது. இன்றும் அவற்றை 'டிண்டால் பூக்கள்' என்றே சொல்கிறார்கள்.

ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஒரு பளபளப்பான புள்ளி இருந்தது. காரணம் எளிது. பனிக்கட்டி உருகித் தண்ணீரானால் கொள்ளளவு சுமார் 8 சதவீதம் சுருங்கும். ஆனால் சுற்றியுள்ள பனிக்கட்டிச் சுவர் உள்ளே நகர்ந்து இடத்தை நிரப்பாது. அதனால் நடுவில் வெறும் நீராவி மட்டுமே உள்ள வெற்றிடம் உருவானது.

கேலியம் ஆர்சனைடு விஷயத்தில் தலைவலியே இந்தக் கொள்ளளவு வித்தியாசம்தான். துளியாக மாறிய பொருளுக்குத் தேவையான இடமும், அது ஏற்கெனவே படிகமாக இருந்தபோது அடைத்திருந்த இடமும் ஒன்றல்ல. சட்டை அளவு பொருந்தாதபோது என்ன ஆகும்? தையல் இழுபடும். படிகமும் இழுபடுகிறது.

பிறக்கவா, வேண்டாமா? துளியின் கணக்கு

ஒரு துளி பிறப்பதில் லாபமும் உண்டு, செலவும் உண்டு. இந்தக் கணக்கை முதலில் முறையாக எழுதியவர் அமெரிக்க அறிவியலாளர் ஜோசையா வில்லார்ட் கிப்ஸ். 1876 முதல் 1878 வரை அவர் வெளியிட்ட நீண்ட ஆய்வுதான் இன்றும் இந்தத் துறைக்கு அஸ்திவாரம். பிளஸ் ஒன் வேதியியலில் வரும் 'கிப்ஸ் கட்டிலா ஆற்றல்' ஞாபகம் இருக்கிறதா? அதே கிப்ஸ்தான்.

லாபம் என்ன? இடம் கொள்ளாமல் தவித்த ஆர்சனிக் அணுக்கள் ஒன்றுசேர்ந்தால் மொத்த ஆற்றல் குறையும். இது துளியின் கொள்ளளவைப் பொறுத்தது.

செலவு என்ன? துளிக்கும் படிகத்துக்கும் நடுவே ஒரு புதிய எல்லை உருவாகிறது. அந்த எல்லையை உருவாக்க ஆற்றல் வேண்டும். இதுதான் பரப்பு இழுவிசை. இது துளியின் பரப்பளவைப் பொறுத்தது.

இப்போது கணக்குப் போடுவோம். துளியின் ஆரம் 2 மடங்கானால் பரப்பளவு 4 மடங்காகும். கொள்ளளவோ 8 மடங்காகும். ஆக, துளி சிறியதாக இருக்கும்வரை செலவுதான் அதிகம். ஓர் அளவைத் தாண்டிய பிறகு லாபம் முந்திக்கொள்ளும். அந்த எல்லைக் கோட்டுக்குப் பெயர் 'மாறுநிலை ஆரம்'. அதைத் தொடாத துளி கரைந்து காணாமல் போகும். தாண்டிய துளி வளரும்.

சிறிய துளிக்கு எவ்வளவு நெருக்கடி என்பதைத் தண்ணீரை வைத்தே புரிந்துகொள்ளலாம். 1 மைக்ரான் ஆரமுள்ள தண்ணீர்த் துளிக்குள், வெளியே இருப்பதைவிடச் சுமார் 1.4 மடங்கு வளிமண்டல அழுத்தம் கூடுதலாக இருக்கும். அதே துளியின் ஆரம் 10 நானோமீட்டராகச் சுருங்கினால், கூடுதல் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 140 மடங்கைத் தொடும். எல்லாம் பரப்பு இழுவிசையின் வேலை.

மழைத்துளிக்குச் சரி, படிகத்துக்கு?

மேகத்தில் மழைத்துளி பிறப்பதற்கு மேலே சொன்ன கணக்கு பெரும்பாலும் போதும். சுற்றியிருப்பது காற்று. துளி வளர்ந்தால் காற்று விலகி வழிவிடும்.

படிகம் அப்படி விலகாது. இங்கேதான் பெர்லினில் உள்ள வையர்ஷ்ட்ராஸ் ஆய்வு நிறுவனத்தின் வொல்ஃப்காங் டிரையர், ஃபிராங்க் டூடர்ஷ்டாட் ஆகியோரின் வேலை வருகிறது. கேலியம் ஆர்சனைடு வேஃபர்களைத் தயாரிக்கும் ஃப்ரைபெர்கர் காம்பவுண்ட் மெட்டீரியல்ஸ் நிறுவனம் எதிர்கொண்ட இந்தப் பிரச்சினையை அவர்கள் கணித மாடலாக மாற்றினார்கள். 2000-களில் வெளிவந்த அவர்களின் ஆய்வுகள், கிப்ஸின் கணக்கில் மூன்றாவதாக ஒரு வரியைச் சேர்த்தன. அது படிகத்துக்குள் உருவாகும் தகைவு.

திரவத்துக்குள் அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒன்றுதான். பக்கெட் தண்ணீரில் கையை விட்டால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தும். திடம் வேறு. துளியை ஒட்டியுள்ள படிகம், துளியின் மையத்தை நோக்கிய திசையில் ஒரு மாதிரியும், துளியைச் சுற்றி வளைக்கும் திசையில் வேறு மாதிரியும் இழுபடும். ஒரு பக்கம் நசுங்கினால் இன்னொரு பக்கம் விரியும். 'அழுத்தம் இவ்வளவு' என்று ஒரே எண்ணில் இதைச் சொல்லிவிட முடியாது.

இதனால் கணக்கு எப்படி மாறுகிறது? பரப்பு இழுவிசைக்கு ஆகும் செலவு, துளி பெரிதாகப் பெரிதாக லாபத்துக்கு முன்னால் சிறுத்துப்போகும். தகைவுக்கு ஆகும் செலவு அப்படிச் சிறுக்காது. துளி எவ்வளவு பெரிதோ, அவ்வளவு படிகம் இழுபடும். எனவே கொள்ளளவோடு சேர்ந்து அந்தச் செலவும் வளர்ந்துகொண்டே போகும். லாபத்திலிருந்து நிரந்தரமாக ஒரு பங்கை அது பிடித்துக்கொள்கிறது என்று சொல்லலாம். அதனால் துளி தாண்ட வேண்டிய தடை உயர்கிறது. தகைவுச் செலவு லாபத்தையே விழுங்கிவிடும் அளவுக்குப் போனால், துளி பிறக்கவே வழியில்லை.

அணுக்கள் எந்தப் பக்கம் நகரும் என்பதைத் தீர்மானிப்பது 'கெமிக்கல் பொட்டென்ஷியல்' என்ற அளவு. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதுபோல, அணுக்கள் இந்த அளவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு நகரும். இதை இரண்டு பங்காகப் பிரிக்கலாம் என்று இந்த மாடல் காட்டியது. ஒன்று வேதிப் பங்கு, அதாவது எந்த அணு எவ்வளவு இருக்கிறது என்பது. இன்னொன்று இயந்திரப் பங்கு, அதாவது படிகம் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பது. இரண்டாவதைச் சரியாகக் கணக்கிடுவதுதான் கடினம் என்பதை அவர்கள் அழுத்திச் சொன்னார்கள்.

இங்கே இன்னொரு நுட்பம். ஸ்பிரிங்கை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு விசை என்ற ஹூக் விதியைப் பள்ளியில் படித்திருப்போம். படிகத்துக்கும் அதையே போடலாமா? எல்லா இடத்திலும் போட முடியாது. அதைவிடச் சற்று விரிவான ஒரு விதியிலிருந்து தொடங்கி, எந்தெந்த நிலையில் ஹூக் விதியை நம்பலாம் என்பதற்கு அவர்கள் வரையறை கொடுத்தார்கள். கணக்கை எளிமையாக்குவதில் தவறில்லை. எங்கே எளிமையாக்கலாம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

பஸ்ஸில் ஏறுபவர்கள், இறங்குபவர்கள்

ஒரே ஒரு துளியைப் பற்றித் தெரிந்தால் தொழிற்சாலைக்குப் போதாது. ஒரு வேஃபரில் எத்தனை துளிகள், எந்தெந்த அளவில் இருக்கும் என்று தெரிய வேண்டும்.

இதற்கு 1935-ல் ஜெர்மானிய இயற்பியலாளர்கள் ரிச்சர்ட் பெக்கர், வெர்னர் டோரிங் இருவரும் ஒரு வழி கொடுத்திருந்தார்கள். துளியை ஒரு டவுன் பஸ்ஸாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஓர் அணு ஏறும் அல்லது ஓர் அணு இறங்கும். கும்பலாக ஏறுவதோ இறங்குவதோ கிடையாது. 10 அணுக்கள் கொண்ட துளிகள் எத்தனை, 11 கொண்டவை எத்தனை, 12 கொண்டவை எத்தனை என்று ஒவ்வொரு அளவுக்கும் ஒரு சமன்பாடு. ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் தெரிந்தால், நேரம் போகப் போகத் துளிகளின் கூட்டம் எப்படி மாறும் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அந்த மாடல் ஆவியிலிருந்து துளி உருவாவதற்காக எழுதப்பட்டது. டிரையரும் டூடர்ஷ்டாட்டும் அதைத் திடத்துக்குப் பொருந்துமாறு திருத்தி, தகைவையும் உள்ளே கொண்டுவந்தார்கள். திருத்திய மாடலுக்கு ஒரு கறாரான பரீட்சையும் வைத்தார்கள். மிக நீண்ட நேரம் ஓடவிட்டால் மாடல் எந்த நிலையில் போய் நிற்கிறது, வெப்ப இயக்கவியல் தனியாகக் கணித்துச் சொல்லும் சமநிலை எது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். வேகத்தைச் சொல்லும் சமன்பாடு, போய்ச் சேரும் ஊரைத் தவறாகக் காட்டினால் அதை நம்ப முடியாதே!

பெரியது சிறியதை விழுங்கும்

பிறந்த துளிகள் அப்படியே இருந்துவிடுமா? இல்லை. ஃப்ரீசரில் ரொம்ப நாள் கிடந்த ஐஸ்கிரீம் நறநறவென்று ஆவதைக் கவனித்திருப்பீர்கள். சிறிய பனித்துகள்கள் கரைந்து, பெரிய பனித்துகள்கள் மேலும் பெரிதாவதுதான் காரணம். ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டின் பெயரால் இதை 'ஆஸ்ட்வால்ட் முதிர்ச்சி' என்கிறார்கள்.

சிறிய துளிக்குள் அழுத்தம் அதிகம் என்று பார்த்தோம் அல்லவா? அதனால் அங்குள்ள அணுக்கள் வெளியேறத் துடிக்கும். படிகத்தின் வழியாக மெல்ல நகர்ந்து பெரிய துளியில் போய்ச் சேரும். 1961-ல் சோவியத் ஆய்வாளர்கள் லிஃப்ஷிட்ஸ், ஸ்லியோசவ் இருவரும், அவர்களிடமிருந்து தனியாக ஜெர்மனியின் கார்ல் வாக்னரும், இதற்கு ஒரு விதியைக் கண்டார்கள். அணுக்கள் விரவி நகர்வதே வேகத்தைத் தீர்மானிக்கும்போது, துளிகளின் சராசரி ஆரம் நேரத்தின் கன மூலத்துக்கு ஏற்ப வளரும். அதாவது, சராசரி அளவு 2 மடங்காக வேண்டுமென்றால் 8 மடங்கு நேரம் வேண்டும்.

தொழிற்சாலைக்கு இது இரட்டைச் செய்தி. அடுப்பில் அதிக நேரம் வைத்தால் துளிகளின் எண்ணிக்கை குறையும். ஆனால் மிஞ்சியவை பெருத்துவிடும். எண்ணிக்கை குறைந்ததே என்று மகிழவும் முடியாது, அளவு கூடியதே என்று அடுப்பைச் சீக்கிரம் அணைத்துவிடவும் முடியாது.

அப்படியானால் தீர்வு?

தயாரிப்பாளர்களின் கையில் சில கைப்பிடிகள் உண்டு. முதலாவது வெப்பம். இரண்டாவது குளிர்விக்கும் வேகம். மூன்றாவது, அதிகம் பேசப்படாத ஒன்று, அடுப்புக்குள் இருக்கும் ஆர்சனிக் ஆவியின் அழுத்தம். சூடான வேஃபரின் மேற்பரப்பிலிருந்து ஆர்சனிக் ஆவியாகித் தப்பிவிடும். சுற்றிலும் போதுமான ஆர்சனிக் ஆவி இருந்தால் வெளியேறுவதும் உள்ளே வருவதும் சமமாகும். அந்த ஆவியின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதன் மூலம் படிகத்தில் ஆர்சனிக் எவ்வளவு இருக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் படிகத்தின் வழியாக அணுக்கள் நகர்வது மெதுவான வேலை. பல மணி நேரம் பொறுமை வேண்டும்.

ஒவ்வொரு வெப்பநிலைக்கும், ஒவ்வொரு ஆவி அழுத்தத்துக்கும் அடுப்பைப் பற்றவைத்துச் சோதித்துக்கொண்டிருந்தால் காலமும் போகும், காசும் போகும். உபயோகிப்பதோ நச்சுத்தன்மை கொண்ட ஆர்சனிக். மாடலின் பயன் இங்கேதான். எந்த நிலையில் துளி வரும், எந்த நிலையில் வராது என்று காட்டும் வரைபடத்தை, பரப்பு இழுவிசையையும் தகைவையும் சேர்த்துக் கணித்தார்கள். அவற்றை விட்டுவிட்டுப் போட்ட பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டும் காட்டினார்கள். எங்கே சோதிப்பது, எங்கே சோதிக்கவே வேண்டாம் என்பதை இது சொல்லிவிடும்.

மாடல் மந்திரக்கோல் அல்ல. சுமார் 830 டிகிரியில், கெட்டியான படிகத்துக்குள் இருக்கும் ஒரு குட்டித் துளியின் பரப்பு இழுவிசையை நேரடியாக அளப்பது லேசான காரியமில்லை. அந்த எண் மாறினால் மாறுநிலை ஆரமும் மாறும். அவ்வளவு வெப்பத்தில் படிகமே மெல்ல நெகிழ்ந்துகொடுத்தால் தகைவும் தளரும். எனவே அடுப்பும் சமன்பாடும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டேதான் போக வேண்டும்.

ஃப்ரைபெர்க் தொடங்கி பேட்டரி வரை

இந்தக் கதையில் வரும் வேஃபர் நிறுவனம் இருக்கும் ஃப்ரைபெர்க், கிழக்கு ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் உள்ள பழைய சுரங்க நகரம். 1765-ல் அங்கே தொடங்கப்பட்ட சுரங்கக் கல்லூரி இன்றும் இயங்குகிறது. இண்டியம் என்ற தனிமம் 1863-லும், ஜெர்மானியம் 1886-லும் அந்த ஊரில்தான் கண்டுபிடிக்கப்பட்டன. ஒரு காலத்தில் வெள்ளியைத் தோண்டிய ஊர், இன்று போன் சிப்புகளுக்கான தகடுகளைச் செய்கிறது.

துளிக்காகப் போட்ட கணக்கின் பின்னால் இருந்த யோசனையும் அங்கேயே நின்றுவிடவில்லை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளில் ஒரு புதிர் இருந்தது. மின்சார கார்களிலும் பஸ்களிலும் பயன்படும் அதே வகை பேட்டரிதான். எவ்வளவு மெதுவாகச் சார்ஜ் செய்தாலும், சார்ஜ் ஆகும்போது உள்ள வோல்டேஜும் தீரும்போது உள்ள வோல்டேஜும் ஒன்றாக வருவதில்லை. ஏன்?

2010-ல் டிரையரும் ஸ்லோவேனிய ஆய்வாளர்களும் சேர்ந்து 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழில் இதற்கு விளக்கம் தந்தார்கள். பேட்டரிக்குள் இருக்கும் எண்ணற்ற குட்டித் துகள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மெல்ல மெல்ல நிரம்புவதில்லை. ஒன்றன் பின் ஒன்றாகவே நிரம்புகின்றன, காலியாகும்போதும் அப்படியே. ஒவ்வொரு துகளும் ஒரு தடையைத் தாண்ட வேண்டியிருப்பதால்தான் போகிற வழியும் வருகிற வழியும் வேறாக இருக்கின்றன. குழாயால் இணைத்த பல பலூன்களில் காற்றடித்தால், எல்லாம் சமமாக உப்பாமல் ஒன்று முந்திக்கொண்டு பெரிதாவது போலத்தான் இதுவும். இங்கேயும் அணுக்களை நகர்த்துவது அதே கெமிக்கல் பொட்டென்ஷியல்தான்.

கூடுதலாக உள்ள ஆர்சனிக்கை ஒரேயடியாக விரட்டிவிட முடியாது. அது இல்லாமல் வேஃபரே இல்லை. அதைத் தன் சீட்டில் அமைதியாக உட்கார வைப்பதா, கும்பல் சேரவிட்டுத் துளியாக்குவதா என்பது அடுப்பின் சூட்டையும் நேரத்தையும் பொறுத்தது. அடுத்த முறை லிஃப்டுக்குள் சிக்னல் ஒரு கோடு குறைந்து, மறுபடி போன் தாக்குப்பிடித்து இணைந்தால், அதற்குள் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் தம் கட்டி உழைத்திருக்கும். அதன் அடியில் இருக்கும் தகடு, துளி விழாமல் தப்பித்த தகடு.